ஏழு வருச வெங்காயம்

கராஜ் கதவைத் தூக்கியபோது என்னுடைய ஒரு கையில் சூட்கேசும் மற்றக் கையில் கலியாண வீட்டுப் பலகாரப் பெட்டியும் இருந்தன. இரண்டையும் கீழே போட்டேன். போட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவை தாமாகவே விழுந்தன. பெட்டி திறந்து பயித்தம் பணியாரங்கள் கார் ரயர்வரை உருண்டு போயின. கராஜின் ஒரு சுவரிலிருந்து மறுசுவர்வரை நீல நைலோன் கயிறு இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. அந்தக் கயிற்றில், பனி வாரும் சவள்களுக்கு மேலே, என்னுடைய காட்டு வெங்காயம் முழுவதும் பிடி பிடியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பழுத்த இலைகளை முறுக்கிப் பின்னி, பத்துப் பத்தாகச் சேர்த்து, இலை மேலே, கிழங்கு கீழே. வேரில் ஒட்டிய மண்ணைக்கூட உதறிவிட்டிருந்தார்கள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி அணிநடையில்கூட அப்படியொரு ஒழுங்கை நான் கண்டதில்லை.

"வடிவாக் கட்டியிருக்கு" என்றாள் என் மனைவி றெஜினா, பின்னால் நின்று.

நாற்பத்தொரு வருச இல்லறத்தில் அவளை விவாகரத்துச் செய்யலாமா என்று நான் யோசித்தது அந்த ஒரு கணத்தில்தான். கத்தோலிக்கனாகப் பிறந்த குற்றத்துக்காக அதையும் முழுதாக யோசித்து முடிக்க முடியவில்லை.

பத்து நாள். பத்தே பத்து நாள், ரொறன்ரோவில் என் தங்கை மகனின் கலியாணத்துக்காக வீட்டை விட்டுப் போயிருந்தேன். அதற்குள் ஏழு வருசத்தைப் பிடுங்கிக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். ஏழு மாதமல்ல, ஏழு வருசம். ஒரு பிள்ளையைப் பெற்று, பால்பல் விழும்வரை வளர்க்கிற காலம். வெங்காயத்துக்கு ஏழு வருசமா என்று நீங்கள் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் இவ்வளவும் நடந்தது. அது பிறகு.

ஓய்வு பெறும்வரை இங்கே கியூபெக்கில், சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருசம் வேலை செய்தேன். மாத்திரைகளைப் போத்தலில் நிரப்பும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பது என் வேலை. இயந்திரம் நின்றால் திருத்த வருபவர் ஜில் என்ற கியூபெக்காரர். அவருடைய ஆங்கிலத்தையும் என்னுடைய பிரெஞ்சையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு ஆளுக்குக் காணாது. ஆனால் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்க அது தாராளம். ஒரு மே மாதம் அவர் பாண் துண்டு இரண்டுக்கு நடுவில் வெண்ணெய் பூசி, இரண்டு அகலப் பச்சை இலைகளை வைத்துக் கொண்டுவந்தார். பாதியை எனக்குப் பிய்த்துத் தந்தார். உள்ளிப்பூடும் வெங்காயமும் கலியாணம் கட்டி, இரண்டு பேரையும் விட வாய்க்காரியாக ஒரு மகளைப் பெற்றால் எப்படியிருக்கும், அப்படியொரு ருசி. அன்று பின்னேரம் நான் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன்னும் பின்னும் மூன்று வரிசை காலியாகிவிட்டது. வடக்கே ஒரு மணித்தியாலம் ஓடினால் வரும் அவருடைய தகப்பன் வழி மேப்பிள் காட்டில் அது தானாக முளைக்கிறதென்றும், தாங்கள் இலையை முட்டைப் பொரியலில் போடுவதென்றும், கிழங்கை வினாகிரியில் ஊறவைத்து மாரி முழுக்கச் சாப்பிடுவதென்றும் ஜில் சொன்னார். காட்டு உள்ளி என்று பொருள்படும் ஒரு பெயரைச் சொன்னார். நான் முகர்ந்து பார்த்து, இது காட்டு வெங்காயம் என்று தீர்ப்புச் சொன்னேன்.

ஒருகாலத்தில் இளவேனிலில் இதைக் கட்டுக் கட்டாகத் தெருவோரத்தில் விற்பார்களாம். சனம் காடு காடாகக் கிண்டித் தின்று முடித்த பிறகு அரசாங்கம் முழித்துக்கொண்டது. இப்போது விற்கக்கூடாது. ஒரு ஆள் வருசத்துக்கு ஐம்பது கிழங்குக்கு மேல் எடுக்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. வெங்காயத்துக்குச் சட்டம். இதைக் கேட்ட நாளில் நான் கன்ரீனில் எழும்பி நின்று பேசிய பேச்சை ஒட்டாவாவில் பேசியிருந்தால் அரசாங்கமே கவிழ்ந்திருக்கும்.

இரண்டாயிரத்தொன்று இலையுதிர்காலத்தில் ஜில் ஒரு பழைய பிலிம் டப்பிக்குள் விதை கொண்டுவந்து தந்தார். கடுகைவிடப் பெரிது, மிளகைவிடச் சின்னது, கறுப்பு மினுக்கம். அடுத்த மே மாதம் யாரோ கறுப்புக் குப்பைப் பைகளோடு வந்து அவருடைய காட்டை ஒரே பகலில் வழித்துத் துடைத்துவிட்டுப் போனார்கள். ஒரு கிழங்கு மிச்சமில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வந்து அதைச் சொன்னபோது அவர் அழவில்லை. துடைத்த ஸ்பானரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தத் திருடர்களை நான் தமிழில் திட்டினேன். அரைமணித்தியாலம். அவர் ஒரு சொல்லும் விளங்காமல் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். பிறகு, நான் உனக்குத் தந்த டப்பியில் இருப்பதுதான் இனி என் காடு என்றார். முதல் விதை எடுக்கிற வருசம் அதில் ஒரு கைப்பிடி அவருடைய மேப்பிளுக்குக் கீழே திரும்பிப் போகும் என்று நான் வாக்குக் கொடுத்தேன். வேலையை விட்ட பிறகும் வருசா வருசம் மே மாதம் அவர் போன் எடுப்பார். நலம் விசாரிக்க மாட்டார். பூத்துவிட்டதா என்று ஒரேயொரு கேள்வி.

எங்கள் மகள் றெபேக்காவும் மருமகன் விதுர்சனும் இல்-பிசாரில் வாங்கிய வீட்டில்தான் நாங்களும் இருக்கிறோம். பின்வளவு முடிகிற இடத்தில் மூன்று பெரிய மேப்பிள் மரங்கள். அவற்றின் கீழே, உதிர்ந்த இலைகளை விலக்கி, விதைகளைத் தூவி, அதே இலைகளால் மூடிவிட்டேன். அவ்வளவுதான் செய்யவேண்டியது. மிச்சமெல்லாம் காத்திருப்பது. முதல் இளவேனிலில் ஒன்றும் வரவில்லை. வராது என்று ஜில் சொல்லித்தான் இருந்தார், இருந்தாலும் நான் தினமும் போய் மண்ணை முறைத்தேன். இரண்டாவது இளவேனிலில் தையல் நூல்போல ஒரு பச்சை வந்தது. மூன்று வருசத்துக்கு ஒற்றை இலை. ஐந்தாம் வருசம் இரண்டு. மேப்பிள் தளிர்க்கமுதல் கிடைக்கிற ஆறு கிழமை வெய்யிலை மட்டும் குடித்துவிட்டு, மரம் நிழல் விரித்ததும் இலை மஞ்சளாகி விழுந்துவிடும். நம்முடைய கந்தோர்களில் சிலர் வேலை செய்வதுபோல, வருசத்தில் ஆறு கிழமை உழைப்பு, மிச்சம் நித்திரை. வயசு வந்த பயிர் மட்டும், இலையெல்லாம் பழுத்து விழுகிற நேரத்தில், நடுவிலிருந்து ஒரு மொட்டைத் தண்டை நீட்டும். அதன் நுனியில் பூ. பூவிலிருந்து விதை. இலை செத்த பிறகு பூக்கிற இந்தப் பிடிவாதத்தை நான் வேறெந்தப் பயிரிலும் கண்டதில்லை.

கிழங்கை நான் தொடவிட்டதில்லை. பெரிய பயிர்களில் ஒன்றுக்கு ஒரு இலை மட்டும், மே மாதம் ஒருமுறை. அதை றெஜினா அரிந்து, பச்சை மிளகாயும் மஞ்சளும் போட்டு, தேங்காய்ப்பூத் தூவி வறை வறுப்பாள். அந்த வறையைக் குத்தரிசிச் சோற்றோடு தின்றுவிட்டு நான் ஏப்பம் விட்டால், லவாலுக்குப் போகிற பாதைப்படகு நடு ஆற்றில் திரும்பிவிடும். அடுத்த ஞாயிறு பாவசங்கீர்த்தனத்தில் பாதர் என் பாவங்களைக் கேட்கமுதலே மன்னித்துவிட்டார்.

இனி அருமைராசா அண்ணை. விதுர்சனின் தகப்பன், என் சம்பந்தி. மூத்த மகனோடு டொலார்டில், முருகன் கோயிலுக்குக் கிட்ட இருக்கிறார். புன்னாலைக்கட்டுவனில் செம்மண் தோட்டம் செய்தவர். வெங்காயம் என்றால் அவர்தான். அவருடைய கதைகளைக் கேட்டால் ஆண்டவன் உலகத்தைப் படைத்து ஆறாம் நாள் களைத்துப்போய், வெங்காயத்தை இவரிடம் ஒப்படைத்துவிட்டுப் படுத்தார் என்று நினைப்பீர்கள். நான் பாசையூர், கடற்கரை ஆள். பிள்ளைகளின் நிச்சயார்த்தத்தன்று, ஐம்பது பேருக்கு முன்னால், கடற்கரை ஆக்களுக்கு மீன் தெரியும், மண் தெரியாது என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அன்றிலிருந்து எங்கள் வளவுக்கு எப்போது வந்தாலும் என் தக்காளிக்கு நட்ட குச்சியைப் பிடுங்கி, நிமிர்த்தி, ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார். மேப்பிளுக்குக் கீழே ஒன்றும் விளையாது என்பது அவருடைய கட்சி. அதனால் அந்தப் பக்கம் அவர் கால் வைத்ததில்லை.

போன வருசம், இரண்டாயிரத்தெட்டு மே மாதம், வைத்தார். பாத்தி பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் நின்றது. முந்நூற்று அறுபத்திரண்டு பயிர். நான் எண்ணியிருந்தேன். அவர் குனிந்து ஒரு இலையைத் தடவி, "என்ன இது, வெங்காயச் சாதியோ? எப்ப வைச்சது?" என்று கேட்டார்.

அவருடைய ஊரில் வெங்காயம் அறுபத்தைந்து நாள். நட்டவன் நகத்து மண் போகமுதல் கிண்டி எடுத்துவிடுவார்கள். அந்த மனிசனுக்கு முன்னால், ஏழு வருசமாக ஒரு வெங்காயத்துக்குக் காவல் நிற்கிறேன் என்று சொல்ல என் நாக்கு எழும்பவில்லை. அடுத்த நிச்சயார்த்தத்தில் ஐம்பதல்ல, ஐந்நூறு பேருக்கு முன்னால் அதைச் சொல்லியிருப்பார்.

"போன ஒக்டோபரில வைச்சனான் அண்ணை" என்றேன்.

"நல்லா வந்திருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து என் பயிருக்குக் கிடைத்த முதல் நல்ல சொல். நான் உச்சி குளிர்ந்துபோனேன். பூக்கட்டும், விதை எடுப்போம், பிறகு முழுக் கதையையும் அவர் முன்னால் விரித்துவைத்து அந்த முகத்தைப் பார்ப்போம் என்று திட்டம் போட்டேன். ஜூனில் முப்பத்தொரு தண்டு எழும்பியது. குசினி யன்னலால் தினமும் எண்ணினேன். ஜில்லுக்கு நானே போன் எடுத்து, இந்த வருசம் என்று சொன்னேன். மறுமுனையில் அவர் மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது. பிறகு பிள்ளைகளோடு ரொறன்ரோ போகவேண்டி வந்தது. அவர்கள் எங்களுக்கு இரண்டு நாள் பிந்தித் திரும்புவதாக இருந்தது. தக்காளிக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் விடுகிறேன் என்று வீட்டுத் திறப்பை அருமைராசா அண்ணை தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.

கராஜில் நான் அப்படியே நிற்கும்போது அவருடைய கார் வந்து நின்றது. நாங்கள் வருகிற நேரத்தை விதுர்சனிடம் விசாரித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அறுவடைக்காரனின் முகத்தில் வருகிற ஒரு வெளிச்சம் உண்டு. அது அப்படியே அவர் முகத்தில் இருந்தது.

"பாத்தீங்களோ சம்பந்தி? ஒண்டு விடேல்லை. இதில முந்நூற்றிப் பன்ரண்டு கிடக்கு. ஐஞ்சு பிடி தெரிஞ்ச ஆக்களுக்குக் குடுத்திட்டன், முதல் விளைச்சலெல்லோ. இலை விழுந்து மஞ்சளடிச்சுப்போச்சு, இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா மழைக்கு எல்லாம் அழுகியிருக்கும். அதோட பூத்தண்டும் வேற விட்டிட்டுது. பூக்க விட்டா கிழங்கு வத்திப்போம். அதை முதல் ஒடிச்செறிஞ்சுபோட்டுத்தான் கிண்டினனான்."

ஒடித்தெறிந்துவிட்டார். முப்பத்தொன்றையும்.

நான் என்ன சொன்னேன் என்பதை முழுதாக எழுத முடியாது. றெஜினா இதைப் படிப்பாள். யாரைக் கேட்டுக் கை வைத்தீர்கள் என்று தொடங்கினேன். நிச்சயார்த்தத்துச் சிரிப்பிலிருந்து தக்காளிக் குச்சிவரை ஒன்று விடாமல் எடுத்தேன். பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டது. கடைசியில் என் வாயிலிருந்து வந்தது இது:

"உங்களுக்கு ஒரு பயிரைத்தான் தெரியும் அண்ணை. அறுபத்தைஞ்சு நாளுக்கு மேல உயிரோட நிக்கிற ஒண்டும் உங்களுக்குத் தெரியாது. இது ஏழு வருசம். ஏழு வருசம் நான் காத்துக்கொண்டு இருந்தது அந்த முப்பத்தொரு பூவுக்கு."

அவர் கயிற்றைப் பார்த்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, இன்னொருமுறை எண்ணுவதுபோல. பிறகு, அடுக்கிவைத்திருந்த மாரிக்கால ரயர்களின் மேல் மெல்ல இருந்தார். எழுபது வயசு மனிசன். பத்து நாளில் மூன்று நாள் முழங்காலில் நின்று கிண்டியிருப்பார். நகங்களுக்குள் இன்னும் கறுப்பு மண் இருந்தது.

"ஏழு வருசமெண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றார்.

சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

"ஒக்டோபரில வைச்சதெண்டெல்லோ சொன்னீங்கள். ஒக்டோபரில வைச்சது ஜூனில பழுத்து விழுந்தா, நான் வேற என்னத்தை நினைக்கிறது? உங்கட வெங்காயம் அழுகிப்போகக் கூடாதெண்டுதானே கிண்டினனான்."

"அதைத்தான் நானும் கேக்கிறன்" என்றாள் றெஜினா, குனிந்து பயித்தம் பணியாரங்களைப் பொறுக்கிக்கொண்டே.

நான் இவ்வளவு நேரமும் ஏறி நின்ற கோபத்தின் கீழே யாரோ ஏணியை எடுத்துவிட்டார்கள். எடுத்தது நான்தான் என்பது இன்னும் ஆத்திரமாக இருந்தது. உலகத்தில் எவர்மீது கோபப்பட்டாலும் கொஞ்சம் சுகம் உண்டு. தன்மீது கோபப்படுவதில் ஒரு சதத்துக்குச் சுகம் இல்லை.

அருமைராசா அண்ணை எழும்பி ஒரு பிடியை அவிழ்த்தார். ஒரு கிழங்கை எடுத்து அடிப்பக்கத்தைப் பெருவிரலால் அமத்தினார். இன்னொன்று. இன்னொன்று. ஒரு கிழமை காய்ந்திருக்கிறது, மேல்தோல் போய்விட்டது, உள்ளே ஈரம் கிடக்கிறது என்றார். இன்றைக்கே மண்ணில் வைத்தால் ஒரு பங்கு தப்பும். எத்தனை பங்கில் ஒரு பங்கு என்று கேட்டேன். கொடுத்ததைப் போய் வாங்கிக்கொண்டு வருவோம் என்று கார்த் திறப்பை எடுத்தார்.

கொடுத்த வெங்காயத்தைத் திருப்பிக் கேட்டு வீடு வீடாகப் போவது எவ்வளவு மானக்கேடு என்பதை அன்று அனுபவித்தோம். டொலார்டில் மூன்று வீடு. சிலவற்றை வாங்கினோம், சிலவற்றைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்தோம். நாலாவது, சென்ட் லோரன்டில் அருமைராசா அண்ணையின் ஒன்றுவிட்ட தங்கை பாலாம்பிகை. அவளிடம் இரண்டு பிடி போயிருந்தது. வாசலில் நின்று விசயத்தைச் சொல்லமுதலே எங்களை மேசையில் இருத்திச் சோற்றைப் போட்டுவிட்டாள். கறிச்சட்டியைத் திறந்தாள். கோழிக்கறி. அதற்குள், கீறாமல் முழுசாக, என்னுடைய இருபது கிழங்கு. நல்ல வெங்காயம் அண்ணை, இன்னும் கிடந்தால் தாங்கோ என்றாள். நான் தின்றேன். தின்னாமல் எழும்ப எனக்கு வழியிருக்கவில்லை. ஏழு வருசத்தை ஒரு கவளம் சோற்றோடு பிசைந்து விழுங்கினேன். அது அற்புதமாக இருந்தது. வெண்ணெய்போலக் கரைந்தது, கடைசியில் ஒரு காரம் எழும்பி மூக்கால் போனது. அவ்வளவு அநியாயமான ருசியை நான் என் எதிரிக்கும் கொடுக்கமாட்டேன். பக்கத்தில் அருமைராசா அண்ணை சோற்றைக் கிளறிக்கொண்டு இருந்தார். ஒரு கிழங்கைக்கூட வாயில் வைக்கவில்லை. எல்லாவற்றையும் சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் வரிசையாக ஒதுக்கிவைத்தார்.

ஐம்பதில் இருபத்திமூன்று மீண்டது. திரும்பி வரும்போது ஒரு பொலிஸ் கார் எங்களுக்குப் பின்னால் வந்தது. நான் பையைக் காலுக்குக் கீழே தள்ளினேன். ஏன் என்று அருமைராசா அண்ணை கேட்டார். சட்டத்தைச் சொன்னேன். ஆளுக்கு ஐம்பதுதான், உங்கள் பெருவிரல் அடையாளம் பட்டது முந்நூற்று அறுபத்திரண்டில், ஆயுள் தண்டனைக்குக் குறையாது என்றும் சேர்த்துவிட்டேன்.

"வெங்காயத்துக்கோ?" என்றார்.

"வெங்காயத்துக்கு."

பொலிஸ் கார் தாண்டிப் போனதும் அவர் காரை ஓரமாக நிறுத்தினார். எத்தனை சோதனைச்சாவடியில் இறங்கி ஏறியவர்கள் நாங்கள், அங்கேகூட வெங்காய மூட்டையை எண்ணவில்லையே என்று தொடங்கி, ஐந்து நிமிசம் கியூபெக் அரசாங்கத்தை உரித்தார். நான் ஒத்தாசைக்கு நின்றேன். பத்து வருசத்துச் சம்பந்தத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சியில் இருந்தது அந்த ஐந்து நிமிசம்தான். பிறகு குப்பைப் பைகளோடு வந்த திருடர்களைப் பற்றியும், ஜில் துடைத்த ஸ்பானரைப் பற்றியும், நான் கொடுத்த வாக்கைப் பற்றியும் சொன்னேன். அவர் காரை எடுத்து நேரே வீட்டுக்கு விட்டார்.

ஜூன் மாதப் பகல் ஒன்பது மணிவரை இருக்கும். அந்த வெளிச்சம் முடியமுதல் முந்நூற்று முப்பத்தைந்தையும் நட்டோம். அங்கேயும் சண்டை. அவர் கயிறு பிடித்து வரிசை போட்டார். காடு வரிசையில் முளைக்காது என்றேன் நான். கடைசியில் பாதி வரிசையாகவும் பாதி சிதறலாகவும் போனது. விரலில் இரண்டு கணு ஆழம். மேலே போன வருசத்து மேப்பிள் இலை. ஒவ்வொன்றையும் மண்ணுக்குள் விடமுதல் அவர் உள்ளங்கையில் ஒருமுறை உருட்டிப் பார்த்தார். ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு எனக்குத் தெரியாமல் பொக்கற்றில் போட்டார். செத்ததை எனக்குக் காட்ட விரும்பவில்லை. நான் கண்டும் காணாமல் இருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரேயொரு நாகரிகமான காரியம் அதுதான் என்று றெஜினா சொல்வாள்.

ஜில்லுக்குப் போன் எடுக்க மூன்று நாள் பிடித்தது. அணில் தின்றுவிட்டது என்று ஒரு நல்ல பொய் தயாராக இருந்தது. நம்பர் அழுத்தும்போது றெஜினா குசினி வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னேன். அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று ஜில் கேட்டார். வெங்காயம் தெரிந்தவர் என்றேன். அவருக்குப் பொய் சொன்னது நான் என்றேன். அதை என் பிரெஞ்சில் சொல்ல இரண்டு தரம் முயலவேண்டியிருந்தது. அடுத்த வருசம் பார்ப்போம் என்று ஜில் சொல்லவில்லை. அவருக்கு எழுபத்தைந்து நடக்கிறது. மே மாதம் வழக்கம்போல எடுக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகுதான் எனக்கு உண்மையான அநியாயம் தொடங்கியது. அருமைராசா அண்ணை ஒவ்வொரு வெள்ளியும் கோயில் முடிந்து நெற்றியில் திருநீற்றோடு வருவார். நேரே மேப்பிளுக்குப் போவார். வெறும் இலைக் குப்பையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். திரும்பி வரும் வழியில் என் தக்காளி. நான் வேண்டுமென்றே குச்சிகளைக் கோணலாக நட்டுவைத்திருந்தேன். ஒன்றை நிலத்தோடு படுக்கவே விட்டிருந்தேன். அவர் பார்த்தார். கை நீட்டவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வாறன் என்று போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் குச்சி எல்லாவற்றையும் நானே நிமிர்த்தி, ஒரு சாண் தள்ளி நட்டேன். மாரியில் முழங்கால் பனிக்குள்ளும் வந்தார். பனிக்குள் என்ன தெரியும் என்று நான் கத்தினால், ஒண்டும் தெரியாது, சும்மா வந்தனான் என்பார். எங்கள் பிள்ளைகளுக்கு இதொன்றும் விளங்கவில்லை. சம்பந்திமார் இப்போது நல்ல ஒற்றுமை என்று றெபேக்கா தன் சிநேகிதியிடம் சொன்னாள்.

மற்ற வருசங்களில் ஏப்ரல் இருபதுக்கே முனை காட்டிவிடும். இந்த வருசம் பனி பிந்தித்தான் கரைந்தது. இருபது போய், இருபத்தைந்து போய், மே பிறந்தது. முதலாம் திகதி வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு அருமைராசா அண்ணை வந்தார். நான் காலையிலேயே ஐந்து தரம் பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை என்றேன். அதற்கும் அவர் போனார். இரண்டு நிமிசம் கழித்து என்னைக் கூப்பிட்டார். சத்தமில்லாமல், கையால்.

சிதறலாக நட்ட பக்கத்தில், வேலிக் கரையோடு, ஈர இலையைக் கிழித்துக்கொண்டு ஒரேயொரு முனை. பென்சில் நுனியளவு. ஊதாச் சிவப்பில் சுருட்டி வைத்த உறை, அதற்குள் பச்சை.

நான் மூச்சை விட்டேன். பிறகு வேலியைப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் முகே வளர்க்கிறார். வெள்ளை மணிபோலப் பூக்கிற, வாசமுள்ள, தின்றால் ஆளைக் கொல்லுகிற செடி. அது மண்ணுக்கடியால் வேர் ஓடி எங்கள் வளவுக்குள் வரும். முளைக்கும்போது அதுவும் இப்படித்தான், ஊதா உறைக்குள் சுருண்டு. விரிந்த இலைகூடப் பார்வைக்கு ஒன்றுதான். வெங்காயமா விசமா என்று சொல்வது மணம் ஒன்றுதான். அதை அவருக்குச் சொன்னேன். இந்தமுறை ஒன்றையும் மறைக்காமல், நீட்டாமல், கூட்டாமல் சொன்னேன்.

அவர் குந்தியிருந்து இரண்டு விரலை நீட்டினார். நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன்.

"நுள்ளினாத்தானே மணம் தெரியும்" என்றார்.

"நுள்ளினா அதுவும் போச்சு அண்ணை."

விரலை எடுத்துக்கொண்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் ஈர இலையில் ஊன்றி, முழங்காலில் நின்று, தலையைக் குனிந்துகொண்டே போனார். நெற்றி மண்ணில் முட்டியது. திருநீறு உதிர்ந்து கறுத்த இலைமேல் விழுந்தது. அவரை மட்டும் விட எனக்கு மனமில்லை. மற்றப் பக்கத்தால் நானும் குனிந்தேன். முனை எங்கள் இரண்டு மூக்குக்கும் நடுவில் நின்றது. ஈர மண், போன வருசத்து இலை, அருமைராசா அண்ணையின் சந்தனம். அதற்கும் கீழே ஏதோ ஒன்று இருந்ததா, இல்லாவிட்டால் நான் விரும்பியதா தெரியவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார். வெளியே விடவில்லை.

வீட்டுக்குள் போன் அடித்தது. றெஜினா பின்கதவைத் திறந்தாள்.

"ஜில் கதைக்கிறார். என்ன சொல்ல?"

நான் தலையைத் தூக்காமலே, பொறு என்று ஒரு கையை மட்டும் மேலே உயர்த்தினேன். பக்கத்தில் அருமைராசா அண்ணையின் கையும் எழும்பியது.